மசகு எண்ணெயும் டீசலும்: கமக்காரர் அறியவேண்டிய வேறுபாடு

கமக்காரர்களே!

உழவு மாட்டையும் துலாவையும் மட்டும் நம்பிக் கமஞ்செய்த காலம் பெரும்பாலும் கடந்துவிட்டது. இன்று வயலை உழுவது உழவு இயந்திரம். கிணற்று நீரை வெங்காயப் பாத்திக்கும் மிளகாய்த் தோட்டத்துக்கும் கொணர்வது நீரிறைக்கும் இயந்திரம். கதிரை அறுத்து நெல்லை வேறாக்கித் தருவது அறுவடை இயந்திரம். மாட்டுக்கு வைக்கோலும் தவிடும் எவ்வாறு இன்றியமையாதனவோ, அவ்வாறே இவ்வியந்திரங்களுக்கு எரிபொருள் இன்றியமையாதது. எந்த மாட்டுக்கு எத்தீனி ஒத்துக்கொள்ளும், எது வயிற்றைக் கெடுக்கும் என்பதை நம் முன்னோர் செவ்வனே அறிந்திருந்தனர். இயந்திரத்தின் தீனியைப் பற்றி நாம் அறிந்திருப்பதோ சிறிதளவே.

இவ்வறியாமையினால் விளையும் நட்டம் சிறிதன்று. 2022 ஆம் ஆண்டில் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு நேர்ந்தபோது இதனைக் கண்கூடாகக் கண்டோம். உழவுக்கும் அறுவடைக்கும் டீசலின்றிக் கமக்காரர் பலர் வரிசையிலே நாட்கணக்காகக் காத்து நின்றனர். “மசகு எண்ணெய்க் கப்பல் வந்துவிட்டது” என்ற செய்தியைக் கேட்டு, மறுநாளே டீசல் கிடைக்கும் என்று நம்பிப் பரலுடன் சென்று வெறுங்கையுடன் திரும்பியோரும் உளர். டீசலுடன் மண்ணெண்ணெயைக் கலந்து இயந்திரத்தைக் கெடுத்துக்கொண்டோரும் உளர். மசகு எண்ணெய் என்பது யாது, டீசல் என்பது யாது, ஒன்று மற்றொன்றாக மாறுவது எவ்வாறு என்பவற்றை அறிந்திருந்தால் இவ்வாறான இடர்களிற் பலவற்றைத் தவிர்த்துக்கொள்ளலாம். அதனை விளக்குவதே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

பெயரால் வரும் மயக்கம்

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மண்ணெண்ணெய் என்ற பெயரைக் கேட்பவர், அது மண்ணிலிருந்து அப்படியே ஊறி வருவதென எண்ணுதல் இயல்பு. ஆயின் விளக்குக்கு ஊற்றும் அத்தெளிந்த எண்ணெய் மண்ணில் அவ்வுருவில் இருப்பதில்லை. மண்ணிலிருந்து வருவது மசகு எண்ணெயே. மண்ணெண்ணெய், அம்மசகு எண்ணெயிலிருந்து மனிதர் பிரித்தெடுத்த ஒரு பகுதி மாத்திரமே.

மசகு என்ற சொல்லை வண்டில் வைத்திருந்தோர் நன்கறிவர். வண்டில் அச்சுக்கு இட்ட கரிய பசையே மசகு. நிலத்தின் ஆழத்திலிருந்து வரும் எண்ணெயும் கருமையும் பிசுக்கும் உடையதாயிருத்தலின் அப்பெயர் அதற்குப் பொருத்தமாயமைந்தது.

இன்னுமொரு மயக்கமும் உண்டு. கனமான எண்ணெய்களில் ஓடிய பழைய இயந்திரங்கள் சில, “குரூட் ஒயில் எஞ்சின்” என்ற பெயரால் முற்காலத்தில் வழங்கின. மசகு எண்ணெயை அப்படியே ஊற்றினாலும் இயந்திரம் ஓடும் என்ற எண்ணம் சிலரிடத்து இன்றும் நிலவுதற்கு அப்பெயரும் ஒரு காரணமாகும். மெதுவாக ஓடிய அவ்வியந்திரங்களின் அமைப்பு வேறு. இன்று உங்கள் வயலில் ஓடும் இயந்திரத்தின் அமைப்பு வேறு.

மசகு எண்ணெய் என்பது யாது?

பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல்களிலும் நீர்நிலைகளிலும் வாழ்ந்த நுண்ணுயிர்களும் பாசிகளும் இறந்து அடியிலே படிந்தன. அவற்றின்மேற் சேறும் மணலும் படை படையாகப் படிந்து மூடின. மேலிருந்த பாரத்தினாலும் நிலத்தினுள்ளிருந்த வெப்பத்தினாலும் அவை நீண்ட காலத்தில் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. பாறைகளின் நுண்டுளைகளிலே தேங்கிக் கிடக்கும் இவ்வெண்ணெயையே குழாய்க் கிணறு தோண்டி வெளியே எடுக்கின்றனர்.

இவ்வெண்ணெய் ஒரு தனிப் பொருளன்று. காபனும் ஐதரசனும் சேர்ந்தமைந்த ஐதரோகாபன்கள் எனப்படும் எண்ணிறந்த பொருள்களின் கலவையே அது. அவற்றுட் சில மிக இலேசானவை. வெளியே வைத்தவுடன் ஆவியாகிவிடும். சில மிகக் கனமானவை; தார்போல இறுகும். இவற்றுடன் கந்தகம், உப்பு, நீர், மணற்றுகள் என்பனவும் சிறிய அளவிற் சில உலோகங்களும் கலந்திருக்கும்.

எல்லா ஊர் மண்ணும் ஒன்றாகாதவாறு போல, எல்லா நாட்டு மசகு எண்ணெயும் ஒன்றன்று. சில நாட்டு எண்ணெய் இலேசானது, கந்தகம் குறைந்தது. சில நாட்டு எண்ணெய் தடித்தது, கந்தகம் மிகுந்தது. இதனாலேயே ஒரு வகை எண்ணெய்க்கென அமைக்கப்பட்ட சுத்திகரிப்பு நிலையத்தில் வேறொரு வகையை நினைத்தவாறு இட்டுச் சுத்திகரிக்க இயலாது. சந்தையிலே மசகு எண்ணெயைப் பீப்பாக் கணக்கில் விற்பர். ஒரு பீப்பா என்பது ஏறக்குறைய 159 லீற்றராகும்.

நெல்லும் அரிசியும்

இதனை உங்கள் தொழிலிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். மசகு எண்ணெய் நெல்லை ஒத்தது. டீசல் அரிசியை ஒத்தது. களஞ்சியம் நிறைய நெல் இருந்தாலும் ஆலைக்குக் கொண்டுபோய்க் குற்றாமல் உலையில் இட முடியாது. 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும். எஞ்சியவை தவிடும் உமியுமாகும். அதுபோலவே ஒரு பீப்பா மசகு எண்ணெயைச் சுத்திகரித்தால் முழுவதும் டீசலாகிவிடாது. சமையல் வாயு, பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், உலை எண்ணெய், தார் எனப் பல பொருள்கள் வெவ்வேறு அளவிற் கிடைக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு கிடைக்கும் என்பது மசகு எண்ணெயின் இயல்பையும் நிலையத்தின் அமைப்பையும் பொறுத்தது.

ஆயினும் நெல்லுக்கும் இதற்கும் ஒரு வேற்றுமை உண்டு. நெல்லில் அரிசியே என்றும் முதன்மையானது. எண்ணெயிலோ முதன்மையான பகுதி எதுவென்பது காலத்துக்குக் காலம் மாறிவந்தது. 1859 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைற்றசுவில் என்னுமிடத்தில் எண்ணெய்க்கெனக் கிணறு தோண்டப்பட்ட காலத்தில் மக்கள் வேண்டிநின்றது விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயே. பெற்றோலுக்கு அக்காலத்திற் பெரிய பயன் இல்லை. அதனை வீணென எண்ணிக் கழித்தனர். மோட்டார் வண்டி வந்தபின் உமியாயிருந்த பெற்றோல் அரிசியாயிற்று. உழவு இயந்திரமும் பாரவூர்தியும் பெருகியபின் டீசலும் அவ்வாறே உயர்வு பெற்றது.

பிரித்தெடுக்கும் முறை

கள்ளைக் காய்ச்சிச் சாராயம் வடித்தலை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். கள்ளிலுள்ள மதுசாரம் நீரிலும் குறைந்த வெப்பத்தில் ஆவியாகின்றது. அவ்வாவியைக் குளிரச் செய்தால் சாராயம் கிடைக்கின்றது. மசகு எண்ணெயைப் பிரித்தலும் இம்முறையைச் சார்ந்ததே. வெவ்வேறு பொருள்கள் வெவ்வேறு வெப்பநிலையில் ஆவியாகும் என்பதே இதன் அடிப்படை.

முதலில் மசகு எண்ணெயை நீரால் கழுவி உப்பை அகற்றுவர். பின்னர் உலையிலே ஏறக்குறைய 350 பாகை செல்சியசு வரை சூடாக்கி, உயர்ந்த ஒரு கோபுரத்தினுள்ளே செலுத்துவர். கோபுரத்தின் அடிப்பகுதி மிகுந்த வெப்பமுடையது. மேலே செல்லச் செல்ல வெப்பம் குறையும். ஆவிகள் மேலெழுந்து, தத்தமக்குரிய வெப்பநிலையை அடைந்த இடத்திலே திரவமாகிக் கோபுரத்தினுள் அமைந்த தட்டுகளில் தங்கும். அங்கங்கே வைத்த குழாய்களினால் அவற்றை வேறு வேறாக எடுத்துக்கொள்வர்.

மிக மேலே செல்வது சமையல் வாயு. அதற்கு அடுத்தது ஏறக்குறைய 200 பாகைக்குள் ஆவியாகும் பெற்றோற் பகுதி. அதன் கீழே ஏறக்குறைய 150 முதல் 270 பாகை வரையில் ஆவியாகும் மண்ணெண்ணெய்ப் பகுதி. அதன் கீழே ஏறக்குறைய 200 முதல் 350 பாகை வரையில் ஆவியாகும் டீசற் பகுதி. அடியிலே தங்கிவிடுவன உலை எண்ணெயும் தாரும். ஒன்றன் எல்லை மற்றொன்றன் எல்லையுடன் சிறிது கலந்திருத்தலை இங்கே கவனிக்க.

இவ்வாறு பிரித்தெடுத்தபின்னும் வேலை முடிவதில்லை. கந்தகத்தைக் குறைக்கவேண்டும், நீரை நீக்கவேண்டும், குறித்த தரத்துக்கு அமைந்துள்ளதா எனச் சோதிக்கவேண்டும். இவையெல்லாம் முடிந்தபின்னரே அது விற்பனைக்குரிய டீசலாகும்.

நமது நாட்டிலே இத்தொழில் கொழும்புக்கு அணித்தாயுள்ள சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்தில் நடைபெறுகின்றது. இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. இந்நிலையம் 1969 இல் இயங்கத் தொடங்கியது. நாட்டுக்கு வேண்டிய எரிபொருள் முழுவதையும் இந்நிலையம் தருவதில்லை. ஆதலின் மசகு எண்ணெயையும் இறக்குமதி செய்கின்றோம். ஏற்கெனவே சுத்திகரித்த டீசலையும் பெற்றோலையும் இறக்குமதி செய்கின்றோம்.

டீசலும் அதன் இயந்திரமும்

டீசல் என்பது ஒரு மனிதரின் பெயர். உருடோல்பு டீசல் என்ற ஜேர்மானியப் பொறியியலாளர் 1890களில் இவ்வகை இயந்திரத்தை அமைத்தார். அவருடைய இயந்திரம் 1897 இல் வெற்றியாக இயங்கியது. அவ்வியந்திரத்துக்கு ஏற்ற எண்ணெயும் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

பெற்றோல் இயந்திரத்திலே பிளக் என்னும் கருவி தீப்பொறி எழுப்பி எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் இயந்திரத்தில் அத்தகைய தீப்பொறி இல்லை. உருளையினுள்ளே புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 16 முதல் 20 மடங்கு வரை சுருங்க அமுக்குகின்றது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே அமுக்கப்பட்ட காற்று 500 பாகைக்கு மேலும் சூடாகின்றது. அவ்வேளையில் நுண்ணிய துளைகளின் வழியே டீசல் பனிபோலத் தூவப்படுகின்றது. சூடான காற்றைத் தொட்டதும் அது தானாகவே பற்றிக்கொள்ளுகின்றது.

இத்தொழில் குறையின்றி நடைபெறுவதற்கு டீசலிடத்து நான்கு குணங்கள் இருத்தல் வேண்டும். முதலாவது, சூடான காற்றைத் தொட்டவுடன் தாமதமின்றித் தானே பற்றவேண்டும். இரண்டாவது, நுண்டுளையினூடு செல்லத்தக்க அளவான தடிப்புடையதாயிருக்கவேண்டும். மூன்றாவது, டீசல் பம்பின் உட்பாகங்கள் ஒன்றோடொன்று உராயாதவாறு அவற்றுக்குத் தானே மசகாகவும் உதவவேண்டும். நான்காவது, நீரும் மணலும் இன்றித் தூயதாயிருக்கவேண்டும். டீசல் பம்பின் உருளைக்கும் அதனுள் அசையும் தண்டுக்கும் இடையேயுள்ள வெளி தலைமயிரின் தடிப்பிலும் பன்மடங்கு குறைந்தது என்பதை நினைவிற் கொள்க. அவ்வெளியிலே ஒரு மணற்றுகள் புகுந்தாலும் கேடு விளையும்.

மசகு எண்ணெயை இயந்திரத்தில் இட்டால் நேர்வன

எடை ஒத்து நோக்கின் மசகு எண்ணெய் எரிவதால் வரும் வெப்பத்துக்கும் டீசல் எரிவதால் வரும் வெப்பத்துக்கும் பெரிய வேறுபாடில்லை. ஒவ்வொன்றும் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 42 முதல் 46 மெகாயூல் வரை தரும். அவ்வாறாயின் ஏன் மசகு எண்ணெயை இயந்திரத்தில் இடலாகாது என நீங்கள் கேட்கலாம். வேறுபாடு வெப்பத்தின் அளவிலன்று. ஒரே சீராக நடந்துகொள்ளும் இயல்பிலேயே உள்ளது. டீசலின் ஒவ்வொரு துளியும் ஏறக்குறைய ஒரே வகையாக ஆவியாகி, ஒரே வகையாகப் பற்றும். மசகு எண்ணெயின் ஒரு துளியிலோ பெற்றோலும் இருக்கும், தாரும் இருக்கும்.

ஆதலின் அதிலுள்ள இலேசான பகுதி காலந்தவறிப் பற்றி இயந்திரத்தை இடிக்கச் செய்யும். கனமான பகுதி முற்றாக எரியாமற் கரியாகிப் பிஸ்டனிலும் வளையங்களிலும் ஒட்டிக்கொள்ளும். மெழுகும் பிசினும் வடியையும் நுண்டுளையையும் அடைக்கும். உப்பும் நீரும் உருக்கை அரிக்கும். கந்தகம் எரிந்து அமிலமாகி உருளையின் சுவரையும் எஞ்சின் எண்ணெயையும் கெடுக்கும். இவற்றுள் ஒன்றே ஒரு போகத்தை இழப்பதற்குப் போதுமானது.

தீ விபத்தும் இங்கே கவனிக்கற்பாலது. டீசலின் ஆவி சுடரைத் தொட்டுப் பற்றுவதற்கு அது பொதுவாக 55 பாகைக்கு மேற் சூடாகவேண்டும். பெற்றோலின் ஆவியோ கடுங்குளிரிலும் பற்றத்தக்கது. மசகு எண்ணெயில் பெற்றோற் பகுதியும் கலந்திருத்தலின், நமது நாட்டின் சாதாரண வெப்பத்திலேயே அதன் ஆவி பற்றக்கூடும். பார்வைக்குத் தடித்த கரிய எண்ணெயாகத் தோன்றினும் அது டீசலிலும் ஆபத்தானது.

மண்ணெண்ணெயும் டீசலும் ஒன்றல்ல

மசகு எண்ணெய் கமக்காரர் கைக்கு எளிதில் எட்டாது. மண்ணெண்ணெயோ எளிதிற் கிடைப்பது. எனவே இப்பகுதியை இருமுறை படிக்குமாறு வேண்டுகின்றோம்.

மண்ணெண்ணெய் மலிவாயிருந்த காலத்தில் அதனை டீசலுடன் கலக்கும் வழக்கம் பரவியது. 2022 ஆகத்து மாதத்தில் அதன் விலை லீற்றர் ஒன்றுக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கலப்படத்திற்கு இருந்த தூண்டுதல் அதனாற் குறைந்ததேயன்றி, பழக்கம் எங்கும் அற்றுப்போயிற்று என எண்ணுதற்கில்லை. மண்ணெண்ணெய் டீசலிலும் இலேசானது, வழுவழுப்புக் குறைந்தது. அதனைக் கலந்தால் இயந்திரம் அன்றே நின்றுவிடாது. வழமைபோல ஓடும். ஆனால் டீசல் பம்பும் இன்ஜெக்டரும் மசகின்றி உராய்ந்து நாளுக்கு நாள் தேயும். தேய்ந்தபின் வலு குறையும்; புகை மிகும்; எரிபொருட் செலவும் கூடும். கலந்த நாளிற் கண்ட இலாபம் திருத்தகத்தில் ஒரே நாளிற் கரைந்துபோகும்.

மண்ணெண்ணெயில் ஓடுமாறு அமைந்த நீரிறைக்கும் இயந்திரங்கள் வேறுவகையின. அவை பிளக்கின் தீப்பொறியாற் பற்றுவன. மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் எளிதில் ஆவியாகாது. ஆதலின் பெற்றோலில் தொடக்கி, இயந்திரம் நன்கு சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுதல் வேண்டும். நிறுத்துவதற்குச் சிறிது முன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றி ஓடவிட்டால், அடுத்தமுறை தொடக்குதல் எளிது. சூடாகுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் உருளைச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெய் இயந்திரத்தைக் காவாது. எஞ்சின் எண்ணெயின் மட்டம் ஊற்றாமலே உயர்ந்திருப்பின் இதனையே ஐயுறுக.

கப்பல் வந்த செய்தியும் எண்ணெய் விலையும்

செய்தியை வாசிக்கும்போதும் இவ்வேறுபாடு பயன்படும். வந்த கப்பலில் இருப்பது டீசலாயின், தரம் சோதித்து இறக்கியபின் அது நிரப்பு நிலையங்களுக்கு அனுப்பப்படும். வந்தது மசகு எண்ணெயாயின், அது சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்று, கோபுரத்திலே பிரிந்து, சோதனை முடிந்து வருதற்கு மேலும் நாட்கள் செல்லும். வருவதும் முழுவதும் டீசலாயிராது. 2021 நவம்பரிலும் 2022 மார்ச்சிலும் சப்புகஸ்கந்தை நிலையம் மசகு எண்ணெய் இன்மையால் மூடப்பட்டது. ஆலை இருந்தும் நெல் இல்லாத நிலை அது. நெல் இருந்து ஆலை ஓடாத நிலையும் அதற்கு ஒப்பான இடரே. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிபவர், எப்போது டீசல் கிடைக்கும் என்பதை ஓரளவு கணித்து உழவையும் அறுவடையையும் ஒழுங்குசெய்துகொள்ளலாம்.

விலையும் இவ்வாறே. மசகு எண்ணெய் விலை உலகச் சந்தையில் இறங்கியவுடன் டீசல் விலை அதே அளவு இறங்கவில்லையே எனப் பலர் மனம் வருந்துவர். 2020 ஏப்பிரல் 20 ஆம் நாள் அமெரிக்கச் சந்தையில் மசகு எண்ணெய் ஒப்பந்த விலை பூச்சியத்துக்கும் கீழே போயிற்று. பெருந்தொற்றுக் காலத்தில் வாங்குவாரின்மையாற் களஞ்சியங்கள் நிறைந்துவிட, எண்ணெயை ஏற்றுக்கொள்பவருக்கு விற்பவர் பீப்பா ஒன்றுக்கு ஏறக்குறைய 37 டொலர் கொடுக்கவேண்டிய நிலை ஏற்பட்டது. ஆயினும் அதனால் டீசல் இலவசமாகிவிடவில்லை. நெல் விலை வீழ்ந்தாலும் அரிசி விலை அதே அளவு வீழாமையை நீங்கள் அறிவீர்கள். குற்றுகூலி, ஏற்றுகூலி, வரி என்பன போல எரிபொருளிலும் சுத்திகரிப்புச் செலவு, கப்பற் கூலி, வரி, டொலரின் பெறுமதி என்பன சேர்கின்றன.

கமக்காரர் கைக்கொள்ளவேண்டியவை

1. இயந்திரத்துடன் வந்த கைந்நூலிற் குறித்த எரிபொருளையே இடுக. “இதுவும் ஓடும்” என்று பிறர் கூறும் சொல்லை நம்பி வேறெதையும் இடற்க.

2. எரிபொருளை அங்கீகாரம் பெற்ற நிரப்பு நிலையத்திலே வாங்கிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். தெருவோரத்திற் போத்தலில் விற்பதில் யாது கலந்திருக்கும் என்பது விற்பவருக்கும் தெரியாதிருக்கலாம்.

3. வாங்கிய டீசலிற் சிறிதைத் தெளிந்த கண்ணாடிப் போத்தலில் இட்டு மூடி ஓரிரவு அசையாது வைத்துப் பாருங்கள். நீரும் மண்டியும் இருப்பின் அடியிலே தங்கும். கலங்கித் தோன்றும் டீசலை இயந்திரத்தில் இடற்க. ஆனால் மண்ணெண்ணெய்க் கலப்பை இச்சோதனை காட்டாது.

4. பரலை நிழலிலே, நிலத்தைத் தொடாது கட்டைமேல் வைத்து, மூடியை இறுக மூடுக. மாரிகாலத்தில் இரவுக் குளிரினாற் பரலின் உட்சுவரிலே நீர் பனித்து எண்ணெயிற் சேரும். பரலின் அடியிலுள்ள கடைசிச் சில லீற்றரை இயந்திரத்தில் ஊற்றாது விடுக.

5. எண்ணெயை எப்போதும் வடித்தே ஊற்றுக. வடியைக் குறித்த காலத்தில் மாற்றுக. வடியின் அடியில் நீர் தங்கும் கிண்ணம் இருப்பின், வேலை தொடங்குமுன் அதனைத் திறந்து நீரை வெளியேற்றுக.

6. இயந்திரம் ஓடும்போதோ சூடாயிருக்கும்போதோ எரிபொருளை நிரப்பாதீர்கள். அருகே பீடி, சுருட்டு, விளக்கு என்பன இருத்தலாகாது.

7. குழாயை வாயில் வைத்து எண்ணெயை உறிஞ்சி எடுத்தல் கொடிய பழக்கம். ஒரு மிடறு மூச்சுக்குழாயிற் சென்றாலும் நுரையீரல் புண்படும். கைப்பம்பைப் பயன்படுத்துக.

8. மண்ணெண்ணெயையோ டீசலையோ குளிர்பானப் போத்தலில் வைக்காதீர்கள். தண்ணீரென்றெண்ணிக் குழந்தை குடித்துவிடும். அவ்வாறு நேர்ந்தால் வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலிற் புகும். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

9. பூச்சியைக் கொல்லுமென எண்ணி டீசலையோ கழிவெண்ணெயையோ பயிரின்மேல் தெளிக்காதீர்கள். இலை கருகும்; மண்ணும் கெடும். பயிருக்கெனச் செய்யப்படும் கனிய எண்ணெய்த் தெளிமருந்துகள் தனியே சுத்திகரிக்கப்பட்டவை. இவற்றுக்கு ஈடாக மாட்டா.

கிணற்றைக் காத்தல்

இறுதியாக ஒன்று. எண்ணெய் நீரிற் கரையாது மேலே மிதக்கும், ஆயினும் அதன் சில பகுதிகள் சிறிதளவு நீரிற் கலந்து சுவையையும் மணத்தையும் கெடுக்கும், உடல்நலத்துக்கும் தீங்காகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக் கல்லாலானது. அக்கல்லின் வெடிப்புகளின் வழியே மேலே சிந்தியது விரைவிற் கீழே இறங்கும். ஒரு கிணற்றிற் புகுந்தது அயற் கிணறுகளுக்கும் பரவும். 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை மக்களை எவ்வளவு கவலைக்குள்ளாக்கியது என்பதை அப்பகுதியார் மறவார்.

ஆதலின் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டிலிருந்து தள்ளி வைத்து, அதன்கீழே ஒரு தகரத் தட்டை இடுக. சிந்திய எண்ணெயை மரத்தூளாலோ உமியாலோ ஒற்றி எடுக்க. மாற்றிய எஞ்சின் எண்ணெயை வாய்க்காலிலோ வேலியோரத்திலோ ஊற்றாமற் கலனிற் சேர்த்து, கழிவெண்ணெய் ஏற்போரிடம் கொடுக்க. இயந்திரம் பழுதானால் திருத்தலாம். விலைக்கு மற்றொன்று வாங்கவும் கூடும். கெட்ட கிணற்றை எக்கடையிலும் வாங்க முடியாது.

கமக்காரர்களே! நெல்லை அரிசியென்று எண்ணி எவரும் உலையில் இடுவதில்லை. ஓர் எண்ணெயை மற்றோர் எண்ணெயென்று எண்ணி இயந்திரத்தில் இடுவதும் அத்தகையதே. எது எதற்கு உரியதென அறிந்து பயன்படுத்தின் இயந்திரம் நெடுநாள் உழைக்கும்; போகமும் தவறாது. இவை குறித்து மேலும் அறியவேண்டின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.